யூரின் டியூப்: கிருமி எந்த வழியாக ஏறுகிறது, எங்கே தடுக்கலாம்

"டியூப் போட்டால் இன்ஃபெக்‌ஷன் வரத்தானே செய்யும்?" வார்டிலும் வீட்டிலும் இதை எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. நூறு பேருக்குச் சிறுநீர் டியூப் இருந்தால், நாளொன்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் பாக்டீரியா சேர்கிறது. ஒரு மாதம் உள்ளேயே இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். ஆனால் சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, அது காய்ச்சலாகவும் ரத்தத்தில் பரவும் தொற்றாகவும் மாறுவது வேறு. கிருமி எத்தனை சீக்கிரம் ஏறுகிறது, ஏறிய பிறகு என்ன செய்கிறது என்பதில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. கை என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. கழுவாத கையும் மாற்றாத கையுறையும்தான் இதில் முதல் குற்றவாளிகள்.

கிருமி ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டியூபின் வெளிப்புறம். மலத்துவாரத்தைச் சுற்றியுள்ள தோலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ் போன்றவை டியூபுக்கும் சிறுநீர்ப்பாதைச் சுவருக்கும் நடுவிலுள்ள மெல்லிய ஈரத்தில் ஊர்ந்து மேலே போகின்றன. மற்றொன்று உட்புறம். வெளியே சிறுநீர் சேரும் பையின் அடிக்குழாயிலோ, டியூபும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றும்போதோ நுழைந்து குழாய்க்குள்ளேயே ஏறுவது. வெளிவழிதான் அதிகம். உள்வழியோ முழுக்க முழுக்க நாமே திறந்துவிடும் வழி.

உள்ளே போன கிருமி டியூபின் மேல் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்வதில்லை. "டியூப் இருக்கிற வரைக்கும் ஒரு மாத்திரை ஓடட்டும்" என்று தினமும் கொடுப்பதால் தொற்று நிற்காது. மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். போதாததற்கு, டியூப் வழுக்கி வராமல் பிடித்துக்கொள்ள அதன் நுனியருகே சிறுநீர்ப்பைக்குள் ஊதிவைக்கும் பலூனுக்கு மேலே துளை இருப்பதால், பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் வடியாமல் தேங்கி நிற்கும். நிரம்பி, முழுதாகக் காலியாகி, கிருமியை அலசித் தள்ளுவது சிறுநீர்ப்பையின் இயல்பான காவல். டியூப் போட்ட அன்றே அந்தக் காவல் போய்விடுகிறது.

அதனால் முதல் கேள்வி, இவருக்கு டியூப் தேவைதானா? சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டவர், மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்த்தே ஆகவேண்டிய தீவிர நோயாளி, சில அறுவை சிகிச்சைகள், இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்து அசைக்கவே கூடாதவர், சிறுநீர் கட்டுப்படாமல் இடுப்புக்குக் கீழே திறந்த புண்ணும் உள்ளவர், கடைசிக் கட்டத்தில் நிம்மதிக்காகக் கேட்பவர். நியாயமான காரணங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். படுக்கையை நனைக்கிறார், பெட்பான் வைக்க ஆள் இல்லை, பாத்ரூம் தூரம் என்பதெல்லாம் காரணங்களே அல்ல. அடைப்பு இல்லாத ஆண்களுக்கு, ஆணுறைபோல வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் போதும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாதவர்களுக்கு, ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை டியூபை விட்டு எடுத்துவிடும் முறை இருக்கிறது. வீட்டில் செய்யும்போது இதற்கு அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, நன்றாகக் கழுவிய கை போதும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லேப்பிடஸ் 1972-லேயே காட்டிவிட்டார். சிறுநீர்ப்பை நிரம்பி வீங்காமல் காலியாவதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் ஆயுளையே மாற்றிய யோசனை அது. நம் ஊரில் இன்னும் போதுமான அளவு சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

2016-இல் அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில் நடந்த ஒரு முயற்சியின் முடிவு வெளிவந்தது. தேவையில்லாத டியூபைப் போடாதே, போட்டால் சரியாகப் போடு, தேவை முடிந்ததும் எடு. செய்தது இவ்வளவுதான், புது மருந்து எதுவும் இல்லை. சாதாரண வார்டுகளில் ஆயிரம் டியூப் நாட்களுக்கு (ஒருவர் ஒரு நாள் டியூபோடு இருந்தால் ஒரு டியூப் நாள்) 2.28 ஆக இருந்த தொற்று 1.54 ஆகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. அங்கே டியூபை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

போடுவதற்கு முன்

டியூபின் அளவை 'ஃப்ரெஞ்ச்' என்ற அலகில் சொல்வார்கள். மூன்று ஃப்ரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர் வெளிவிட்டம். 16 என்பது சுமார் 5.3 மி.மீ. பெண்களுக்கு 12 அல்லது 14, ஆண்களுக்கு 14 அல்லது 16 போதும். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வெளி வாயின் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. பெரிய டியூப் நன்றாக வடிக்கும் என்று 18, 20 எடுப்பது தப்பு. சிறுநீர்ப்பாதையின் சுவரை அழுத்தி, அங்குள்ள சுரப்பிகளின் வாயை அடைத்து, புண்ணாக்கி, கிருமிக்கு இடம் கொடுக்கும். ரத்தக்கட்டி வரும் நோயாளிக்குத்தான் பெரிய அளவு, மூன்று வாய் டியூப் எல்லாம்.

பலூனில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். சலைன் வேண்டாம், அதன் உப்பு படிகமாகி நுண்ணிய பலூன் வழியை அடைத்தால் எடுக்கும் நாளில் பலூன் சுருங்காது. காற்றும் வேண்டாம், பலூன் மிதக்கும். 30 மி.லி. பலூன் புராஸ்டேட் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு. "வழுக்கி வராமல் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஏற்றினால் சிறுநீர்ப்பை எரிச்சலாகி இறுகும், டியூபைச் சுற்றி ஒழுகும்.

ஸ்டெரைல் கையுறை இரண்டு ஜோடி, விரிக்க ஓட்டைத் துணி, பஞ்சு அல்லது காஸ், 10 மி.லி. சிரிஞ்ச், 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல்லி, யூரோ பேக் (சிறுநீர் சேரும் பை), ஒட்டும் பிளாஸ்டர், அதே அளவில் இன்னொரு டியூப். அந்த இரண்டாவது டியூப் ஏன் என்பது கீழே வரும். முடிந்தால் இரண்டு பேர் நில்லுங்கள். காலைப் பிடிக்கவும் விளக்கைத் திருப்பவும் தனி ஆள் இருந்தால் ஸ்டெரைல் கை வேறெதையும் தொடவேண்டி வராது.

இங்கே இரண்டு பழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். முதலாவது ஜெல்லி. ஒரே 30 கிராம் ட்யூப் வார்டு முழுக்கச் சுற்றும். அதன் மூக்கு ஒருவருடைய தோலிலோ டியூபிலோ ஒருமுறை பட்டால், அடுத்தவருக்குப் போடும்போது சுற்றியிருக்கும் சுத்தமெல்லாம் வீண். ஒருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், திறந்து பாதி பயன்படுத்தியதை அடுத்தவருக்கு வைக்காதீர்கள். இரண்டாவது, காலையில் கரைத்து மூடி வைத்த ஆன்டிசெப்டிக் கிண்ணத்தில் ஊறும் பஞ்சு. நீர்த்த ஆன்டிசெப்டிக்கிலேயே சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளரும். கிருமியைக் கொல்வதாக நினைத்துக் கிருமியையே தடவுகிறோம். அப்போது திறந்து அப்போது ஊற்றுங்கள்.

போடும்போது

கை கழுவி, கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரால் அந்த இடத்தை முதலில் சுத்தம் செய்யுங்கள். அந்தக் கையுறையைக் கழற்றி, கையை ஆல்கஹால் ரப்பால் தேய்த்து, ஸ்டெரைல் கையுறை. பிறகு ஆன்டிசெப்டிக். ஆஸ்திரேலியாவில் மூன்று மருத்துவமனைகளில் சலைனையும் 0.1 சதவீத குளோர்ஹெக்சிடினையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், டியூப் போடும் முன் குளோர்ஹெக்சிடின் தடவியவர்களுக்குத் தொற்று மிகவும் குறைந்தது. வாங்கும்போது செறிவைப் பாருங்கள். தோலுக்கான ஆல்கஹால் கலந்த திரவத்தை இங்கே ஊற்றக்கூடாது, எரித்துவிடும்.

பெண்களுக்கு, டியூபைப் பிடிக்காத மற்றக் கையால் பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கினால் அந்தக் கை அங்கேயே இருக்கவேண்டும். அது இனி ஸ்டெரைல் இல்லை. முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு, ஒரு பஞ்சு ஒரு முறைதான். சிறுநீர் வந்ததும் இன்னும் சுமார் 5 செ.மீ. உள்ளே தள்ளி, அப்புறம்தான் பலூன். சிறுநீர் வராவிட்டால் டியூப் யோனிக்குள் போயிருக்கலாம். அதை உருவி மறுபடி மேலே நுழைப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. அங்கேயே விட்டுவிடுங்கள், அது தப்பான துவாரத்தைக் காட்டும் அடையாளமாக இருக்கும். இரண்டாவது டியூபை எடுத்து அதற்கு மேலுள்ள துவாரத்தில் விடுங்கள். முதலாவதை அப்புறம் எடுத்துவிடலாம்.

ஆண்களுக்கு, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, துவாரத்திலிருந்து வெளிப்புறமாக வட்டமாகத் துடைக்கவும். ஊசியில்லாத சிரிஞ்சில் ஜெல்லி 10 மி.லி. மெதுவாக ஏற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருப்பை யாரும் செய்வதில்லை. டியூபின் நுனியில் தடவிய ஜெல்லி துவாரத்திலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும், உள்ளே வறண்டு உரசும். உரசினால் கீறல், கீறலில் கிருமி. ஆண்குறியை நிமிர்த்திப் பிடித்து விடுங்கள். புராஸ்டேட் அருகே தடுத்தால் அழுத்தாதீர்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்லி, லேசான சீரான அழுத்தத்தோடு காத்திருங்கள். அப்போதும் போகாவிட்டால் யூராலஜிஸ்டைக் கூப்பிடுங்கள். சிறுநீர் வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திப் பலூனை ஊதாமல், இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுதாக விட்டபின்தான் ஊதவேண்டும். பலூன் சிறுநீர்ப்பாதைக்குள் விரிந்தால் கிழியும், ரத்தம் கொட்டும், சில மாதங்களில் அந்த இடம் சுருங்கும். ஊதும்போது வலிக்கிறது என்றால் உடனே நிறுத்தித் தண்ணீரை இழுத்துவிடுங்கள். முடிந்ததும் முன்தோலை மறக்காமல் முன்னே இழுத்துவிடவேண்டும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் வீங்கி இறுகிக்கொள்ளும்.

பையை டியூபோடு முதலிலேயே இணைத்துவிட்டு உள்ளே விடுவது நல்லது. கிட்னி ட்ரேயில் வழியவிட்டு, சோதித்து, அப்புறம் பையைச் செருகும் வழக்கத்தில் போட்ட நிமிடத்திலேயே உள்வழி திறந்துவிடுகிறது.

டியூபைப் பெண்களுக்கு உள்தொடையிலும், ஆண்களுக்கு மேல்தொடையிலோ அடிவயிற்றிலோ கொஞ்சம் தளர்வு விட்டு ஒட்டுங்கள். ஒட்டாத டியூப் ஒவ்வொரு அசைவிலும் உள்ளே வெளியே போய்வரும், வெளியே நனைந்த பகுதியிலுள்ள கிருமியை உள்ளே கொண்டுபோகும். மாதக்கணக்கில் தொங்கினால் ஆண்குறியின் அடிப்பக்கம் பிளந்துகொள்வதும் உண்டு. போட்ட தேதி, அளவு, பலூனில் ஏற்றிய தண்ணீர் மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், பையின் மேலும் எழுதி ஒட்டுங்கள். தேதி தெரியாத டியூபை யாரும் எடுப்பதில்லை.

திறக்காத குழாய்

டியூப், நீள் குழாய், பை மூன்றும் சேர்ந்து மூடிய ஒரே அமைப்பு. அதைத் திறக்காமல் வைத்திருப்பதில்தான் பாதித் தடுப்பு இருக்கிறது. பிசியோதெரபிக்காக, குளிப்பதற்காக, ஸ்கேனுக்காகப் பையைக் கழற்றி, டியூபின் நுனியை ஏதாவது சிரிஞ்ச் மூடியால் அடைத்துவிட்டு, திரும்பி வந்து அதே பையைச் செருகுவது வேண்டாம். பையோடேயே குளிக்கலாம், பையோடேயே நடக்கலாம். தவறிக் கழன்றுவிட்டால் டியூபின் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதுப் பையை இணைக்கவும். பழையதைத் திரும்பச் செருகவேண்டாம்.

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கவேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. கட்டிலின் அசையாத சட்டத்தில் மாட்டுங்கள். பக்கவாட்டுக் கம்பியில் மாட்டினால் கம்பியை ஏற்றும்போது பையும் ஏறும். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நோயாளியின் வயிற்றில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதும், ஆட்டோவில் உட்காரும்போது பையை மடியில் வைத்துக்கொள்வதும் நாள் முழுக்கப் பார்க்கிற காட்சி. பையில் பல மணி நேரம் வளர்ந்த கிருமி அந்த இரண்டு நிமிடத்தில் திரும்பிப் பாய்கிறது. பல பைகளில் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருக்கிறது, ஆனால் குழாயில் நிற்கும் சிறுநீரை அது தடுக்காது. நகர்த்தும் முன் பையைக் காலி செய்யுங்கள்.

காலி செய்வது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும். நிறைந்த 2 லிட்டர் பை டியூபை இழுக்கும். கை கழுவி, கையுறை போட்டு, அந்த நோயாளிக்கென்றே உள்ள குவளையில் பிடிக்கவும். அடிக்குழாயின் நுனி குவளையில் படக்கூடாது. மூடியபின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கவும். ஒரே குவளை, ஒரே கையுறையோடு வரிசையாகப் பத்துப் படுக்கை காலி செய்தால், முதல் படுக்கையின் கிளெப்சியெல்லா பத்தாவது படுக்கைக்குப் போகும். ஒரே வார்டில் ஒரே மாதிரி மருந்துக்கு அடங்காத கிருமி பலருக்கும் வந்தால் முதலில் இந்தக் குவளையைச் சந்தேகியுங்கள்.

தினசரி சுத்தம் எளியது. சோப்பும் தண்ணீரும் இரண்டு வேளை, மலம் கழித்தபின் ஒருமுறை கூட. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. டியூபைத் துவாரத்தருகே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வெளிப்புறமாகச் சுமார் 10 செ.மீ. துடைக்கவும். பெட்டாடின் காஸ் சுற்றுவது, ஆயின்ட்மென்ட் தடவுவது, பவுடர் போடுவது எதுவும் வேண்டாம். டியூப் உள்ளே இருக்கும்போது ஆன்டிசெப்டிக்கால் தினமும் துடைப்பதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2009 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. "பிளாடர் வாஷ்" என்று வழக்கமாகக் கழுவிவிடுவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் இணைப்பைத் திறக்கவேண்டும், லாபமோ ஒன்றுமில்லை.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், இதயமோ சிறுநீரகமோ கெட்டு அளவு கட்டியிருந்தால் தவிர. பார்லித் தண்ணீர் கொடுப்பதில் தப்பில்லை, அதுவும் தண்ணீர்தானே. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீர் வேண்டாம், பொட்டாசியம் ஏறும்.

அடைத்துக்கொண்டால்

மாதக்கணக்கில் டியூபோடு இருப்பவர்களின் பெரிய தொல்லை புரோட்டியஸ் என்ற கிருமி. இது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், சிறுநீர் காரமாகும், அதிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்பாகி டியூபின் துளையில் சுண்ணாம்புபோலப் படியும். அடைக்கும், சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகம் வரை அழுத்தும், அங்கிருந்து கிருமி ரத்தத்துக்குப் போகும். இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் சொட்டு இல்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, காலுக்கடியில் நசுங்கியிருக்கிறதா, பை மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மலச்சிக்கல். இறுகிய மலம் டியூபை நசுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் டியூபை மாற்றவேண்டும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவருக்கு டியூப் அடைத்தால் கடும் தலைவலி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் வரும். அது அவசரம், காத்திருக்கக்கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? லேடெக்ஸ் டியூப் இரண்டு முதல் நான்கு வாரம், முழு சிலிகான் பன்னிரண்டு வாரம் வரை என்பது உச்சவரம்புக் கணக்கு. அதைத் தாண்டக்கூடாது, ஆனால் நாள்காட்டி பார்த்து நன்றாக ஓடும் டியூபை அடிக்கடி மாற்றுவதாலும் தொற்று குறையாது. ஒருவருக்குப் பதினைந்து நாளில் அடைக்கிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் பன்னிரண்டாம் நாள் மாற்றிவிடுங்கள். பை ஊதா நிறமாக மாறினால் வீட்டில் அலறிவிடுகிறார்கள். மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்கு, சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நீல, சிவப்பு நிறமிகள் பிளாஸ்டிக்கில் ஊறி வருவது அது. பார்க்கத்தான் பயங்கரம்.

கல்ச்சர் எடுப்பதும் எடுக்காமல் இருப்பதும்

சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாறுகிறது என்பதற்காகக் கல்ச்சர் (எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் லேப் சோதனை) அனுப்பாதீர்கள். அனுப்பினால் கிருமி வளரும், வளர்ந்தால் யாராவது மருந்து எழுதுவார்கள். அறிகுறியில்லாத கிருமிக்கு மருந்து வேண்டியது கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் கசியும் செயல்முறை செய்யப்போகிறவர்களுக்கும்தான். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, அடிவயிற்றைத் தொட்டால் வலி, வேறு காரணமில்லாமல் திடீரென்று வந்த குழப்பம் இவை இருந்தால் அனுப்புங்கள்.

பையிலிருந்து எடுக்கவே கூடாது. அங்கே இருப்பது பையில் வளர்ந்த கிருமி. மாதிரி எடுக்கும் ரப்பர் வாய்க்குக் கீழே குழாயைப் பதினைந்து நிமிடம் க்ளாம்ப் செய்து, வாயை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, சிரிஞ்சில் இழுக்கவும். க்ளாம்பைத் திறக்க மறக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் லேபுக்குப் போகவில்லை என்றால் ஃப்ரிட்ஜில் வைக்கவும். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் புதுசு போட்டு, அதிலிருந்து வரும் சிறுநீரை அனுப்பி, அதன்பின் ஆன்டிபயாடிக். பழைய டியூபின் படலத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கி, மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும்.

எடுப்பது

ஒவ்வொரு காலையும் ரவுண்ட்ஸில் ஒரு கேள்வி: இன்று இது ஏன் வேண்டும்? பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். டாக்டர் எழுதும்வரை காத்திருக்காமல், முன்பே ஒப்புக்கொண்ட விதிப்படி சிஸ்டரே எடுக்கலாம் என்ற ஏற்பாடு உள்ள இடங்களில் டியூப் நாட்கள் குறைந்திருக்கின்றன. சில நாட்கள் மட்டும் போட்ட டியூபை எடுக்கும் முன் இரண்டு மணி நேரம் க்ளாம்ப், திறப்பு என்று "பழக்குவது" தேவையில்லை. அதனால் பயனில்லை, மறந்து மூடியே கிடந்தால் ஆபத்து.

பலூனில் சிரிஞ்சைச் செருகி, தண்ணீர் தானாகத் திரும்பி வரவிடுங்கள். வேகமாக உறிஞ்சினால் அந்த மெல்லிய வழி ஒட்டிக்கொள்ளும். ஏற்றிய அளவு முழுக்க வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் கத்தரியால் வெட்டாதீர்கள். எடுத்தபின் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போகவேண்டும். போனாலும் எவ்வளவு என்று அளந்து குறியுங்கள், சொட்டுச் சொட்டாகப் போவது அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அடிவயிறு உப்பியிருந்தாலோ, முட்டுகிறது ஆனால் வரவில்லை என்றாலோ, வசதி இருந்தால் பிளாடர் ஸ்கேன் பார்க்கவும். தேங்கியிருந்தால் ஒரு முறை மட்டும் வடித்துவிட்டு எடுத்துவிடும் டியூப் போதும். பலூன் டியூபையே உடனே மறுபடி போடவேண்டும் என்பதில்லை.